முதலாண்டு உயிரியல் உண்மையிலேயே புரிந்திருக்கிறதா? சோதித்துப் பார்க்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முதலாண்டு உயிரியலில் பாடம் நடத்தியவர்களும் படித்தவர்களும் திரும்பத் திரும்ப இடறுகிற இடங்கள் என்று ஒரு சில உண்டு. செல், ஒளிச்சேர்க்கை, செல் பிரிதல், மரபியல், பரிணாமம் எல்லாவற்றிலும் இருக்கின்றன. உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளும்போது எழுகிற கேள்விகளையும், அந்த இடறல்களைக் கண்டுபிடிக்க உதவுகிற சில சோதனைக் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். விடையைப் படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று உங்கள் விடையைத் தாளில் எழுதிவிடுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் வராது.

படிக்கும்போது எல்லாம் புரிகிறது, தேர்வில் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் வருவதில்லை. ஏன்?

ஒன்றைப் பார்த்ததும் "இது எனக்குத் தெரியுமே" என்று தோன்றுவது வேறு, ஒன்றுமே எதிரில் இல்லாதபோது அதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. புத்தகத்தை மூன்றாவது முறை புரட்டும்போது வரி பழகிவிடுகிறது, அந்தப் பழக்கத்தைத்தான் புரிதல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஒரே பத்தியை ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அப்படியே தலைகீழ்: படித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தேர்வுக்கு முந்தின ராத்திரி படித்து மறுநாள் காலையில் சமாளித்து, அடுத்த பருவத்தில் அதே பாடத்தின் தொடர்ச்சி வரும்போது திணறுவது எதனால் என்று இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

சரி, எந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்?

எனக்குப் பிடித்த ஆரம்பம் இது. கையில் அடங்குகிற ஒரு விதை, பல வருடம் கழித்துப் பல டன் எடையுள்ள மரமாக நிற்கிறது. தண்ணீரைக் கழித்துவிட்டு, காய்ந்த கட்டையின் எடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது?

பலர் மண் என்பார்கள். சிலர் தண்ணீர் என்பார்கள், சிலர் சூரிய ஒளி என்பார்கள். ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள்கூட இதில் தடுமாறுவார்கள், அதனால்தான் இந்தக் கேள்வியை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

மண் இல்லை என்பது வெகு காலமாகத் தெரிந்த விஷயம். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி 5 வருடம் வளர்த்தார். மரம் ஏறக்குறைய 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது. மண் இல்லை என்றால் தண்ணீர்தான் மரமாக மாறியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

விடை கார்பன் டை ஆக்சைடு. காய்ந்த கட்டையில் ஏறக்குறைய பாதி கார்பன், அது முழுவதும் காற்றிலிருந்து இலை எடுத்தது. கட்டையிலுள்ள ஆக்சிஜனும் பெரும்பாலும் அதே வாயுவோடு வந்ததுதான். தண்ணீர் கொடுப்பது ஹைட்ரஜன். மண் கொடுக்கிற தாது உப்புகள் எடையில் மிகச் சிறிய பங்கு, ஆனால் அவை இல்லாமல் செடி பிழைக்காது. ஒளி ஆற்றல் தருகிறதே தவிர, அது அணுவாக மாறி எடை கூட்டுவதில்லை.

இப்போது இதன் மறுபக்கத்தைக் கேளுங்கள். ஒருவர் உடற்பயிற்சி செய்து 10 கிலோ கொழுப்பைக் குறைத்தார், அந்த 10 கிலோ எங்கே போனது? "ஆற்றலாக மாறிவிட்டது", "வியர்வையாகப் போனது" என்பவைதான் வழக்கமான விடைகள். கணக்குப் போட்டால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. முதல் கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டு இரண்டாவதில் "ஆற்றலாக மாறியது" என்று எழுதினால், முதல் விடை மனப்பாடம் என்று புரிந்துகொள்ளலாம். அணுக்கள் எங்கும் மறைவதில்லை, இடம்தான் மாறுகின்றன என்ற ஒரே கருத்து இரண்டு பக்கமும் ஓடுகிறது.

செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும். சரிதானே?

இல்லை. செடி பகலிலும் சுவாசிக்கிறது, இரவிலும் சுவாசிக்கிறது. செல்லுக்கு ஆற்றல் கொடுக்கிற ஏடிபி (ATP) எந்நேரமும் வேண்டும். பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதிகமாக இருப்பதால் மொத்தக் கணக்கில் ஆக்சிஜன் வெளியே வருகிறது, அவ்வளவுதான். வேருக்குள் இருக்கிற செல்லுக்கு ஒளியே கிடையாது, அதற்கு என்ன வழி என்று யோசித்தாலே விடை வந்துவிடும்.

அப்புறம் இதோடு ஒட்டிய இன்னொன்று: வெளிவருகிற ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது? தண்ணீரிலிருந்து. 1941-ல் ரூபனும் காமெனும் அவர்களோடு வேலை செய்தவர்களும் ஆக்சிஜன்-18 கொண்ட கனமான தண்ணீரைப் பாசிகளுக்குக் கொடுத்து இதைக் காட்டினார்கள்.

கொள்குறி வினாக்களை மட்டும் போட்டுப் பார்த்தால் போதாதா?

போதும், அவற்றைப் பயன்படுத்துகிற விதம் சரியாக இருந்தால். நான்கு விடைகளைப் பார்த்துவிட்டு யோசிக்காதீர்கள். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, உங்கள் விடையையும் "ஏனென்றால்" என்று தொடங்கும் ஒரு வரியையும் எழுதிவிட்டுக் கையை எடுங்கள். நன்றாக எழுதப்பட்ட வினாவில் தவறான விடைகள் சும்மா போட்டவையாக இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தப்பான எண்ணத்தைப் பிடிக்க வைத்த வலை. ஆகவே நீங்கள் எந்தத் தப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் மதிப்பெண்ணை விடப் பெரிய தகவல்.

ஒரு உதாரணம். ரத்தச் சிவப்பு அணுவைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? வீங்கி வெடிக்கும். இதைப் பலர் சரியாகச் சொல்வார்கள். அதே கேள்வியை இலையிலுள்ள செல்லுக்குக் கேட்டால் அங்கேயும் வெடிக்கும் என்று எழுதுகிறவர்கள், செல் சுவரின் வேலையை இன்னும் உள்வாங்கவில்லை. செடியின் செல் விறைத்து நிற்கும், சுவர் தாங்கிக்கொள்ளும். வாடின செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் நிமிர்வது இதனால்தான். அடுத்து, அதே சிவப்பு அணுவை 0.9 சதவீத உப்புக் கரைசலில் போடுங்கள். அளவில் மாற்றம் இல்லை. இப்போது தண்ணீர் மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டிப் போகின்றனவா, நின்றுவிட்டனவா? நின்றுவிட்டன என்று எழுதினால் அங்கே பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் ஓட்டை. இரண்டு திசையிலும் போய்வந்துகொண்டேதான் இருக்கின்றன, போவதும் வருவதும் சமமாக இருப்பதால் வெளியில் மாற்றம் தெரிவதில்லை.

மைட்டாசிஸும் (ஒரே மாதிரி இரண்டு செல்லாகும் பிரிவு) மியாசிஸும் (இனச்செல்களை உண்டாக்கும் பிரிவு) எத்தனை தடவை படித்தாலும் குழம்புகிறது. என்ன செய்வது?

கட்டங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதை முதலில் நிறுத்துங்கள். இதை நான் அடித்துச் சொல்வேன். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ் என்று வரிசையாக ஒப்பிக்கிற பலருக்கு, எந்தக் கட்டத்தில் எத்தனை குரோமோசோம் என்று கேட்டால் தெரியாது. குழப்பம் பெயரில் இல்லை, எண்ணுவதில் இருக்கிறது.

நான்கு குரோமோசோம் மட்டுமே உள்ள ஒரு செல்லை வரையுங்கள். இரண்டு நீளமானவை, இரண்டு குட்டையானவை. ஒவ்வொரு ஜோடியிலும் அப்பாவிடமிருந்து வந்தது நீலம், அம்மாவிடமிருந்து வந்தது சிவப்பு. இப்போது குரோமோசோம் 4, டிஎன்ஏ மூலக்கூறு 4.

டிஎன்ஏ இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு குரோமோசோமும் சென்ட்ரோமியரில் ஒட்டிய இரண்டு குரோமாடிடுகளாக ஆகிறது. இப்போது குரோமோசோம் எத்தனை? எட்டு என்றால் தப்பு. இன்னும் 4-தான், ஏனென்றால் சென்ட்ரோமியரைத்தான் எண்ணுகிறோம். டிஎன்ஏ மூலக்கூறுதான் 8. இந்த ஒரு இடம் தெளிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மைட்டாசிஸில் நான்கும் நடுவில் ஒற்றை வரிசையாக நிற்கும், குரோமாடிடுகள் பிரியும், பிரிந்த கணத்தில் ஒரே செல்லுக்குள் 8 குரோமோசோம் இருக்கும், முடிவில் ஒவ்வொரு செல்லுக்கும் 4 குரோமோசோம், 4 டிஎன்ஏ. மியாசிஸின் முதல் பிரிவில் நீலமும் சிவப்பும் ஜோடியாக வந்து நிற்கும், ஜோடிதான் பிரியும், குரோமாடிடுகள் ஒட்டியபடியே இருக்கும். ஆகவே ஒவ்வொரு செல்லுக்கும் 2 குரோமோசோம், ஆனால் 4 டிஎன்ஏ. இரண்டாம் பிரிவில் குரோமாடிடுகள் பிரிந்து 2 குரோமோசோம், 2 டிஎன்ஏ. எண்ணிக்கை பாதியாவது முதல் பிரிவிலேயே முடிந்துவிடுகிறது.

வரைந்து முடித்ததும் இந்த மூன்றையும் உங்களிடமே கேளுங்கள். சகோதரி குரோமாடிடுகள் இரண்டும் ஒரே மாதிரியா? ஆம், ஒன்றின் நகல் இன்னொன்று (குறுக்கே மாற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது, நடப்பதற்கு முன்வரை). நீலமும் சிவப்பும் ஒரே மாதிரியா? ஒரே மரபணுக்கள் ஒரே இடங்களில் இருக்கும், அல்லீல்கள், அதாவது அந்த மரபணுக்களின் மாற்று வடிவங்கள், வேறாக இருக்கலாம். மனிதனுடைய 46-ஐ வைத்து இதே கணக்கைப் படம் போடாமல் சொல்ல முடியுமா? இரட்டிப்புக்குப் பின் 46 குரோமோசோம், 92 குரோமாடிட். மியாசிஸ் முதல் பிரிவுக்குப் பின் 23 குரோமோசோம், 46 குரோமாடிட். முடிந்தால் இந்தப் பாடத்தை மூடி வைக்கலாம்.

எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏ என்றால், கல்லீரல் செல்லும் நரம்பு செல்லும் எப்படி வேறாக இருக்கின்றன?

அதே புத்தகத்தின் வேறு வேறு பக்கங்களைத் திறந்து வைத்திருக்கின்றன. கல்லீரல் செல்லில் நரம்பு செல்லுக்கான மரபணு இல்லாமல் போய்விடவில்லை, அணைந்து கிடக்கிறது. (முதிர்ந்த சிவப்பு அணுவில் உட்கருவே இல்லை, அது விதிவிலக்கு.)

மரபணு மாற்றங்களில் எது பெரிய பாதிப்பு தரும் என்று எப்படிச் சொல்வது?

டிஎன்ஏ மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுகிறது என்பதை வாய்ப்பாடு போலச் சொல்வதை விட, தமிழிலேயே செய்து பார்த்துவிடலாம். மரம், பழம், குளம். மூன்றும் மூன்றெழுத்துச் சொற்கள். முதல் சொல்லில் "ர" போய் "ன" வந்தால் மனம், பழம், குளம். ஒரு சொல் மாறியது, மற்றவை தப்பித்தன. அதே "ர"வை நீக்கிவிட்டு மூன்று மூன்றாக வாசித்தால் "மம்ப ழம்கு ளம்". அந்த இடத்திலிருந்து எல்லாமே போய்விட்டது.

ஆனால் ஓரெழுத்து மாற்றம் என்றால் எப்போதும் லேசான பாதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஒரே ஒரு எழுத்து மாறி, குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற வேறொன்று வருகிறது, அதனால் சிவப்பு அணுவின் வடிவமே மாறுகிறது. இன்னொரு பக்கம், கோடான் எனப்படும் 64 மூன்றெழுத்துச் சேர்க்கைகளில் 61 20 அமினோ அமிலங்களைக் குறிப்பதால், எழுத்து மாறியும் அமினோ அமிலம் மாறாமல் இருப்பதும் உண்டு. மாற்றம் எங்கே விழுந்தது என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

மரபியல் கணக்கெல்லாம் சரியாக வருகிறது. அப்படியானால் எனக்கு மரபியல் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாமா?

பெற்றோரின் அல்லீல்கள் சேரும் வழிகளைக் கட்டம் போட்டு 3:1 எடுப்பது தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். மெண்டல் தன் பட்டாணிகளில் 5474 உருண்டை விதைகளையும் 1850 சுருங்கிய விதைகளையும் எண்ணினார், கிட்டத்தட்ட 2.96:1. அவருக்கே சரியாக மூன்று வரவில்லை, வரவும் தேவையில்லை, ஏனென்றால் இது நிகழ்தகவு. இதை மறந்துவிட்டு, ஒடுங்கு நோய் ஒன்றின் அல்லீலைப் பெற்றோர் இருவரும் சுமந்தால் "நான்கு குழந்தைகளில் ஒன்றுக்குக் கட்டாயம் வரும்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். முதல் மூன்று குழந்தைகளுக்கு எப்படி இருந்தாலும் நான்காவது குழந்தைக்கு வாய்ப்பு அதே 1/4-தான்.

"ஓங்கு பண்புதான் மக்களிடம் அதிகமாக இருக்கும்" என்பது அடுத்தது. ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு, ஆனால் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் வகையே அதுதான். கூடுதல் விரலோடு பிறப்பதற்குப் பல நேரங்களில் காரணம் ஓங்கு அல்லீல், ஆனால் அப்படிப் பிறப்பவர்கள் குறைவு. ஓங்கு என்பது ஒரு ஆளுக்குள் இரண்டு அல்லீல்கள் சேர்ந்து இருக்கும்போது எது வெளியே தெரிகிறது என்பதைப் பற்றிய சொல். ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு கேள்வி.

இப்போது உண்மையான சோதனை. ஒடுங்கு அல்லீலால் வரும் ஒரு நோய் தம்பிக்கு இருக்கிறது. பெற்றோர் இருவருக்கும் நோய் இல்லை. அக்காவுக்கும் இல்லை. அக்கா அந்த அல்லீலைச் சுமந்துகொண்டிருக்க வாய்ப்பு எவ்வளவு? கை தானாக 1/2 என்று எழுதும். நிறுத்துங்கள். பெற்றோர் இருவரும் ஒன்றைச் சுமக்கிறவர்கள் என்பது உறுதி, ஆகவே கட்டத்தில் நான்கு வாய்ப்புகள். அதில் நோய் வரும் கட்டம் அக்காவுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவருக்கு நோய் இல்லை என்பது நமக்குத் தெரிந்த செய்தி. மிச்சம் மூன்று. அதில் இரண்டில் அல்லீல் இருக்கிறது. விடை 2/3.

இன்னும் ஒரு படி ஏறலாம். அந்த நோய் 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது, ஹார்டி-வைன்பெர்க் சமநிலை (அல்லீல்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாத நிலை) இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் அல்லீலின் பங்கை க்யூ என்றும் மற்றதன் பங்கைப் பி என்றும் வைத்தால், க்யூவின் வர்க்கம் 1/10,000, ஆகவே க்யூ 1/100, பி 99/100. சுமப்பவர்கள் இரண்டு பி க்யூ, அதாவது 0.0198, ஏறக்குறைய 50 பேரில் ஒருவர். நோய் உள்ளவர் 10,000-ல் ஒருவர், சுமப்பவர் 50-ல் ஒருவர். இந்த இடைவெளியைப் பார்த்து ஒரு கணம் வியப்பு வரவில்லை என்றால், கணக்கைப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அது சொல்வதை இன்னும் கேட்கவில்லை.

பரிணாமம் எளிதான பாடம்தானே, அதையும் சோதிக்க வேண்டுமா?

எளிது என்று தோன்றுவதால்தான் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும்: "ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் பாக்டீரியா அதற்குப் பழகிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிக்கொண்டது." இதில் எது தவறு என்று சொல்லுங்கள்.

மருந்து வந்த பிறகு, மருந்துக்காக, பாக்டீரியா தன்னை மாற்றிக்கொண்டது என்று இந்த வாக்கியம் சொல்கிறது. லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-ல் பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களை வைத்து, இப்படி நடப்பதில்லை என்று காட்டினார்கள். 1952-ல் லெடர்பெர்க் தம்பதியர் செய்த சோதனை இன்னும் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு தட்டில் பாக்டீரியாக் கூட்டங்களை வளர்த்து, வெல்வெட் துணி போர்த்திய கட்டையை அதன் மேல் மெதுவாக அழுத்தி எடுத்தார்கள். துணியில் ஒட்டியதை மருந்து கலந்த வேறு தட்டுகளில் முத்திரை குத்துவது போல ஒற்றினார்கள். ஒவ்வொரு தட்டிலும் அதே இடத்தில் அதே கூட்டம் பிழைத்தது. மருந்தைப் பார்த்து மாறியிருந்தால் ஆளுக்கொரு இடத்தில் பிழைத்திருக்க வேண்டும். மருந்தே படாத மூலத் தட்டில் அந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்தால், அங்கே இருந்ததும் மருந்தைத் தாங்கியது. மாற்றம் முன்பே இருந்தது, மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட்டு அதை மட்டும் விட்டுவைத்தது.

மாறியது எந்த ஒரு பாக்டீரியாவும் இல்லை, கூட்டத்தின் விகிதம்தான் மாறியது. உங்கள் விடைகளில் "தேவைப்பட்டதால்", "பிழைப்பதற்காக" என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று தேடிப் பாருங்கள். அவற்றை எடுத்துவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி எழுத முடிகிறதா என்பதே ஒரு நல்ல சோதனை.

ஏடிபியின் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவருகிறது என்று எழுதலாமா?

அப்படி எழுதாதீர்கள், வேதியியல் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகும். ஏடிபி (ATP) தண்ணீரோடு வினைபுரிந்து ADP-யும் பாஸ்பேட்டும் ஆகும்போது, புதிதாக உருவாகும் பொருட்கள் இன்னும் நிலையானவை. அந்த வித்தியாசம்தான் வெளிவருகிறது.

செல் சுவாசத்தின் ஒரு பகுதியான கிரெப்ஸ் சுழற்சியில் உள்ள எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

உங்கள் பாடத்திட்டம் கேட்டால் செய்துதான் ஆக வேண்டும். மனப்பாடமே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், சொல் தெரியாமல் எந்தப் பாடத்திலும் யோசிக்க முடியாது. ஆனால் அதோடு நின்றால் அந்தப் பெயர்கள் இரண்டு மாதத்தில் போய்விடும். அவற்றைப் பிடித்து வைக்க ஒரே கேள்வி: ஆக்சிஜனை நிறுத்தினால் வரிசையாக என்னென்ன நிற்கும்?

ஆக்சிஜன் எலக்ட்ரான்களைக் கடைசியில் வாங்கிக்கொள்கிறது. அது இல்லை என்றால் எலக்ட்ரான் கடத்தும் சங்கிலி அடைத்துக்கொள்ளும். எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் என்ஏடிஹெச் அவற்றை இறக்கி வைக்க இடமில்லாமல் குவியும். அதன் காலி வடிவமான என்ஏடி தீர்ந்துபோகும். அது இல்லாமல் கிரெப்ஸ் சுழற்சி நிற்கும், அந்தச் சுழற்சி ஆக்சிஜனை நேரடியாகத் தொடவே இல்லை என்றாலும். கிளைக்காலிசிஸும் (குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் முதல் கட்டம்) நிற்க வேண்டியதுதான், ஆனால் தசை செல் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றி என்ஏடியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, இதுதான் நொதித்தல். ஆக, நொதித்தல் எதற்கு என்று கேட்டால் "லாக்டேட் தயாரிக்க" என்பது விடை இல்லை, என்ஏடியை மீட்க. இந்தச் சங்கிலியைப் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடிந்தவருக்கு, சயனைடு ஏன் அவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்றும் தானாகத் தெரிந்துவிடும்: அது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொள்கிறது.

தனியாகப் படிக்கிறேன். என் விடையை யார் திருத்துவது?

நீங்களேதான், ஆனால் உடனே வேண்டாம். எழுதிய விடைக்குப் பக்கத்தில் "உறுதி", "பாதி உறுதி", "ஊகம்" என்று ஒன்றைக் குறித்துவிட்டு மறுநாள் திருத்துங்கள். நேற்று எழுதியதை இன்று வேறு ஒருவர் எழுதியது போலப் படிக்க முடியும். ஊகம் என்று போட்டுத் தப்பானதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அது தெரியாத விஷயம், படித்தால் சரியாகும். உறுதி என்று போட்டுத் தப்பானவற்றைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அவற்றைப் புத்தகம் படித்து மட்டும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் படிக்கும்போது உங்கள் பழைய எண்ணத்துக்கு ஏற்ற மாதிரியே வரியை வாசித்துவிடுவீர்கள். அந்தத் தாளில் பழைய எண்ணத்தையும் எழுதி, அது எந்த இடத்தில் உடைகிறது என்று ஒரு உதாரணத்தோடு எழுதுங்கள். பக்கத்தில் கேட்க ஆள் இருந்தால், சொல்லிக்காட்டுங்கள். அவருக்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, "ஏன்?" என்று நடுவில் கேட்டால் போதும்.

தேர்வுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைச் செய்யட்டும்?

அந்தத் தனித் தாளை எடுங்கள், முதலில் அதைத்தான். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் அந்த நான்கு குரோமோசோம் செல்லை வரைந்து, மியாசிஸ் முடியும்வரை கொண்டுபோய், ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். பதினைந்து நிமிடம் பிடிக்கும். மீதி நேரத்தில் புதிதாக எதையும் திறக்காமல் தூங்கப் போகலாம்.